பலகையும் பாடமும்

ஒரு பொருளின் பெயரை அறிவது எளிது. அப்பொருள் எந்நாளில் பிறந்தது, எவர் கைகளில் வளர்ந்தது, எங்கெங்கே திருத்தம் பெற்றது என்பதை அறிவது எளிதன்று. நூல்களைப் பொறுத்தவரை இவ்வுண்மை தமிழாசிரியர்களுக்குப் புதியதன்று. 'சிலப்பதிகாரம் படித்தேன்' என்று ஒரு மாணவன் சொல்வானாயின், 'யார் பதிப்பித்தது? எந்த ஆண்டுப் பதிப்பு?' என்று கேட்பது நம் வழக்கம். உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887இலும், சிலப்பதிகாரத்தை 1892இலும், புறநானூற்றை 1894இலும் அச்சேற்றியபோது, ஒரே நூலின் பல ஏடுகளை அருகருகே வைத்து ஒப்பிட்டார். எந்த ஏட்டில் எந்தச் சொல் எவ்வாறு மாறியுள்ளது என்று குறித்துக்கொண்டார். நூல் ஒன்றே, படிகள் பல. படிகளின் வேறுபாட்டை அறியாதவன் நூலையும் முழுமையாக அறிந்தவனாகான்.

இந்த வினாவை ஏட்டுச் சுவடியிடமும் அச்சு நூலிடமும் கேட்டே பழகிய நான், சென்ற ஆண்டு மின்பலகைகளிடம் கேட்க நேர்ந்தது. அவை காசு போட்டு ஆடும் காட்சி விளையாட்டுப் பெட்டிகளின் உள்ளே இருக்கும் தாய்ப்பலகைகள். இடம், சிங்கப்பூரின் கேலாங்.

கேலாங்கை அறியாத வாசகர்களுக்காகச் சில சொற்கள். கேலாங் சாலையின் இருமருங்கும் 'லோரோங்' எனப்படும் சந்துகள் பிரிகின்றன. ஒருபுறச் சந்துகளுக்கு ஒற்றைப்படை எண்கள். மறுபுறச் சந்துகளுக்கு இரட்டைப்படை எண்கள். கீழே கடையும் மேலே வீடுமாக அமைந்த பழைய கடைவீடுகள் இன்றும் வரிசையாக நிற்கின்றன. டுரியான் பழக் கடைகளும் இரவெல்லாம் விழித்திருக்கும் உணவுக்கடைகளும் அவற்றுக்குக் கீழே இயங்குகின்றன. 1993இல் குடமுழுக்குக் கண்ட ஸ்ரீ சிவன் கோயில் கேலாங் ஈஸ்ட் பகுதியில் உள்ளது. முற்காலத்தில் 'ஹேப்பி வேர்ல்டு' என்ற கேளிக்கைப் பூங்காவும் இவ்வட்டாரத்தில் இருந்தது. பின்னர் அது 'கே வேர்ல்டு' எனப் பெயர் மாறியது. 1952ஆம் ஆண்டின் தாமஸ் கிண்ணப் பூப்பந்துப் போட்டிகள் அதன் உள்ளரங்கில் நடைபெற்றன. அந்தப் பூங்கா இப்போது இல்லை. ஆயினும் கேளிக்கைக்கும் கேலாங்குக்கும் உள்ள உறவு பழையது என்பதற்கு அது சான்று.

என் தங்கையின் கணவர் அத்தகைய கடைவீடு ஒன்றின் மாடியில் பழுதுபார்ப்புத் தொழில் செய்து வந்தார். தொடக்கத்தில் வானொலி, தொலைக்காட்சி. 1990களில் விளையாட்டுப் பெட்டிகள். நிலையங்களை நடத்தியவர்கள் பழுதடைந்த பலகைகளை அவரிடம் கொண்டுவருவர். வேண்டிய உதிரிகளைச் சிம் லிம் டவரில் வாங்குவார். வேண்டாதார் எறிந்தவற்றைச் சுங்கை ரோடு பழம்பொருள் சந்தையில் பொறுக்குவார். அச்சந்தை 2017ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் நாள் மூடப்பட்டபோது, நெருங்கிய உறவினர் ஒருவர் மறைந்தாற்போல் வருந்தினார். ஈராண்டுகளுக்கு முன்னர் அவரும் மறைந்தார். வாடகை இடத்தைக் காலி செய்ய வேண்டிய நாள் நெருங்கியபோது, தங்கை என்னை அழைத்தாள்.

"அண்ணே, உள்ளே முப்பத்தேழு போர்டு இருக்கு. பழைய சாமான்காரன் எடை போட்டு எடுத்துக்கிறேங்கிறான். அவர் இருந்தா சம்மதிப்பாரா? நீங்க ஒரு தடவை வந்து பாருங்க."

ஜொகூரில் தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியனாகிய எனக்கு மின்னியல் தெரியாது. ஆனால் என் மருமகனுக்கு, அதாவது தங்கையின் மகனுக்கு, ஓரளவு தெரியும். அவன் கைக்கு நான் கண்ணாக இருக்கலாம் என்று எண்ணினேன். ஆறு சனிக்கிழமைகள் பாலம் கடந்து சென்றேன். அந்த ஆறு நாள்களில் கற்றவற்றை இங்கே பகிர்ந்துகொள்கிறேன். மாணவர்க்கு ஆராய்ச்சி நெறியைக் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு இது பயன்படும் என்பது என் துணிபு.

முதலில், பலகை என்பது யாது? விளையாட்டுப் பெட்டியில் திரை, விசைப்பிடி, பொத்தான், காசு வாங்கும் பொறி ஆகியன வெளியே தெரிவன. விளையாட்டு அவற்றுள் இல்லை. உள்ளே மறைந்திருக்கும் பலகையில் உள்ளது. பலகையை மாற்றினால் பெட்டி வேறு விளையாட்டைக் காட்டும். 1985ஆம் ஆண்டளவில் ஜப்பானியப் பொறி உற்பத்தியாளர் சங்கம் இதற்கென ஒரு பொதுவிதி வகுத்தது. பலகையின் ஓரத்தில் பக்கத்துக்கு 28 ஆக மொத்தம் 56 இணைப்புகள் இருத்தல் வேண்டும். எந்த இணைப்பில் மின்சாரம், எதில் படம், எதில் ஒலி என்பது வரையறுக்கப்பட்டது. சங்கத்தின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கத்தால் அவ்விதி 'ஜாமா' எனப்படுகிறது. அதன்பின் ஒரு பலகையைப் பிடுங்கி மற்றொன்றைச் செருகுவது சில நிமிட வேலையாயிற்று. இதனால் பலகைகள் நாடு விட்டு நாடு பயணம் செய்தன. பயணம் செய்யும் பொருளுக்குப் படி பெருகும். படி பெருகினால் பாடம் வேறுபடும்.

பலகைக்குப் பாடவேறுபாடு ஏன் தோன்றுகிறது? காரணங்கள் நான்கு. முதலாவது, செலவு. முதலில் நான்கு பலகைகளாகச் செய்ததைப் பின்னர் இரண்டாகச் சுருக்குவர். நின்டெண்டோ நிறுவனம் 1981இல் வெளியிட்ட 'டாங்கி காங்' இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. 'டி.கே.ஜி.-3' என்ற குறியுடையது நான்கு பலகைகளால் ஆனது, 'டி.கே.ஜி.-4' என்பது இரண்டால் ஆனது. இரண்டாவது, பிழைதிருத்தம். ஆடுவோர் கண்டுபிடித்த குறைகளை நீக்கிப் புதிய நிரல் எழுதுவர். மூன்றாவது, நாடு. அதே டாங்கி காங்கின் ஜப்பானியப் படியில் நான்கு கட்டங்களும் வரிசையாக வரும். அமெரிக்கப் படியில் முதற்கட்டம் முடிந்தவுடன் இறுதிக்கட்டம் வந்துவிடும். நான்காவது, திருட்டு. ஒரு விளையாட்டு புகழ் பெற்றால், உரிமையில்லாதோர் அதைப் பார்த்துப் படியெடுப்பர்.

பலகையைப் படிக்கும் முறையை என் மருமகன் எனக்குச் சொன்னான். நான் அதை ஆசிரியர் வழக்கப்படி முறைப்படுத்தினேன்.

முதற்சான்று, பலகையின்மேல் அச்சிட்ட எண். செம்புத் தகட்டிலோ வெள்ளை மையிலோ ஓர் எண்ணும் அதனைத் தொடர்ந்து ஓர் எழுத்தும் இருக்கும். கேப்காம் நிறுவனத்தின் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2' 1991இல் வெளிவந்தது. அதன் பலகை மூன்று அடுக்காக அமைந்தது. நடு அடுக்கில் '90629பி' என்ற எண்ணைக் காணலாம். அதே விளையாட்டின் வேறு படிகளில் '91634பி' என்றிருக்கும். எண்ணுக்குப் பின் வரும் சிற்றெண் திருத்தத்தைக் குறிக்கும். எஸ்.என்.கே. நிறுவனத்தின் 'நியோ ஜியோ' 1990இல் வந்தது. அதன் தாய்ப்பலகைகளில் எம்.வி.-1, எம்.வி.-2, எம்.வி.-4, எம்.வி.-6 எனப் பெயர் பொறித்திருக்கும். எத்தனை விளையாட்டுப் பேழைகளை ஒரே நேரத்தில் செருகலாம் என்பதை அவ்வெண் உணர்த்தும். ஒற்றைப் பேழை வகையிலேயே எம்.வி.-1ஏ, எம்.வி.-1பி, எம்.வி.-1சி, எம்.வி.-1எஃப் எனக் கிளைகள் உள. பெயர் ஒன்றாயினும் அளவும் அமைப்பும் வேறு வேறு.

இரண்டாம் சான்று, சில்லுகளின் நாட்குறி. ஒவ்வொரு சில்லின் முதுகிலும் பல எழுத்துகளுக்கிடையே நான்கு இலக்க எண் ஒன்று மறைந்திருக்கும். முதலிரண்டு இலக்கங்கள் ஆண்டு. அடுத்த இரண்டு வாரம். '9118' என்றால் 1991ஆம் ஆண்டின் பதினெட்டாம் வாரம். அதாவது மே மாதத் தொடக்கம். ஒரு பலகையிலுள்ள சில்லுகளுள் மிக இளையது எதுவோ, அதற்கு முன்னர் அப்பலகை உருவாகியிருக்க இயலாது. நம் துறையிலும் இவ்விதி உண்டன்றோ? ஒரு பாட்டில் ஓர் அரசன் பெயர் வருமாயின், அப்பாட்டு அவனுக்கு முற்பட்டதாக இருத்தல் இயலாது. ஆனால் அங்கும் இங்கும் ஓர் ஐயம் எழும். அந்த ஓர் அடி இடைச்செருகலோ? அந்த ஒரு சில்லு பின்னால் மாற்றப்பட்டதோ? எல்லாச் சில்லுகளும் 1991ஐக் காட்ட, ஒன்றுமட்டும் 1997ஐக் காட்டினால், பலகை 1997இல் பிறந்தது என்று முடிவு கட்டலாகாது. அந்த ஒன்றைச் சுற்றியுள்ள ஈயப்பற்றை உருப்பெருக்கிக் கண்ணாடியால் நோக்க வேண்டும். ஆலையில் பற்றவைத்த ஈயம் ஒருபடித்தாய் இருக்கும். கையால் வைத்த ஈயம் சற்றே மேடு பள்ளமாய் இருக்கும்.

மூன்றாம் சான்று, ஒட்டுச்சீட்டு. நிரலைத் தாங்கும் ஒருவகைச் சில்லின் நடுவில் சிறு கண்ணாடிச் சாளரம் இருக்கும். புறஊதா ஒளி அதன்வழிப் புகுந்தால் எழுதியது அழியும். ஆதலால் சாளரத்தைச் சீட்டு ஒட்டி மறைப்பர். அச்சீட்டிலேயே விளையாட்டின் பெயரையும் நாட்டின் குறியையும் திருத்தத்தையும் அச்சிடுவர். சீட்டு பார்க்க எளிய சான்று. ஆனால் எளிதில் பொய் சொல்லும் சான்றும் அதுவே. ஒரு சில்லிலிருந்து உரித்து இன்னொன்றில் ஒட்டுதல் எவர்க்கும் கூடும். மேலட்டையைக் கண்டு நூலின் பதிப்பாண்டைச் சொல்வது போன்றது இது. மேலட்டை மாறியிருக்கலாம், உள்ளே பழைய தாள்களே இருக்கலாம்.

நான்காம் சான்று, தனிச்சில்லு. எந்தக் கடையிலும் வாங்கக்கூடிய பொதுச்சில்லுகள் ஒருபுறமிருக்க, நிறுவனம் தனக்கெனச் செய்துகொண்ட பெரிய சில்லுகள் சில உண்டு. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 பலகையில் 'சி.பி.எஸ்.-பி' என்று தொடங்கும் சில்லு அத்தகையது. அதன் இறுதி எண் படிக்குப் படி மாறும். அந்த எண்ணுக்கு இசைந்த நிரலே அதனோடு சரியாக இயங்கும். படியெடுத்த திருட்டுப் பலகைகளில் இந்தத் தனிச்சில்லு இராது. அதன் வேலையைச் செய்யப் பத்துப் பதினைந்து பொதுச்சில்லுகள் நெருக்கமாக நிற்கும். சாளரமுள்ள சில்லுகள் இருந்தால் திருட்டுப் படி என்று சிலர் சொல்வர், அது தவறு. உரிமையாளர் செய்த பலகைகளிலும் அவை உண்டு. தனிச்சில்லு உள்ளதா என்பதே வலிய கேள்வி.

ஐந்தாம் சான்றே முடிவானது. நிரல் சில்லைக் கழற்றி, படிக்கும் கருவியில் செருகி, உள்ளே எழுதியுள்ளதை அப்படியே கணினிக்கு மாற்றுவது. அவ்வெழுத்துத் தொகுதியிலிருந்து கணக்கு ஒன்று செய்தால், ஓர் எண் கிடைக்கும். மூலத்தில் ஒரு புள்ளி மாறினாலும் அந்த எண் மாறிவிடும். மனிதனுக்குக் கைரேகை போல, நிரலுக்கு இந்த எண். 1997ஆம் ஆண்டு பிப்ரவரி 5ஆம் நாள், இத்தாலியரான நிக்கோலா சல்மோரியா 'மேம்' என்னும் மென்பொருளின் முதற்பதிப்பை வெளியிட்டார். பழைய விளையாட்டுப் பலகைகளின் செயலைக் கணினியில் நிகழ்த்திக் காட்டுவது அது. உலகெங்கிலும் உள்ள ஆர்வலர் தத்தம் பலகைகளைப் படித்து அனுப்ப, ஆயிரக்கணக்கான படிகளின் கைரேகைகள் அதில் தொகுக்கப்பட்டுள்ளன. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 ஒன்றுக்கே '910214', '910522' என நாளால் பெயர் பெற்ற பல படிகள் அங்கே உள. முதல் இரண்டு இலக்கம் ஆண்டு, பின் மாதம், பின் நாள். மாதக்கணக்கில் அவ்விளையாட்டு எவ்வாறு திருத்தம் பெற்றது என்பதை இதனால் காணலாம்.

இத்துணை உழைப்பு ஒரு விளையாட்டுக்கா என்று கேட்போர் இருக்கலாம். விளையாட்டை அரசுகளே அஞ்சிய காலம் உண்டு. பிலிப்பைன்சில் அதிபர் மார்க்கோஸ் 1981இல் இவற்றுக்குத் தடை விதித்தார். சிங்கப்பூரிலும் 1980களின் தொடக்கத்தில் விளையாட்டு நிலையங்கள் கடுங்கட்டுப்பாட்டுக்கு உள்ளாயின. மாணவர் பள்ளியை விட்டு அங்கே போகிறார்களே என்ற கவலை அக்கால ஆசிரியர்களுக்கும் பெற்றோர்க்கும் இருந்தது. அக்கவலை பொருளற்றதன்று. ஆயினும் ஒரு தலைமுறையின் மாலைப்பொழுதுகளை ஆட்கொண்ட பொருள் எதுவாயினும், அது வரலாற்றின் ஒரு பகுதியாகிவிடுகிறது.

திருட்டுப் படிகளும் வரலாற்றை நகர்த்தியதுண்டு. 1992இல் வந்த 'சாம்பியன் எடிஷன்' என்ற படியை உரிமையற்றோர் சிலர் மாற்றி எழுதினர். பாத்திரங்கள் வானில் பறந்தபடியே தீப்பந்து எறியும். ஒரு பொத்தானைத் தட்டினால் ஆட்டத்தின் நடுவே ஆளே மாறிவிடுவான். 'வானவில் பதிப்பு' என்று ஆடுவோர் அதற்குப் பெயரிட்டனர். அதன் வேகம் பலரைக் கவர்ந்தது. மூல நிறுவனமும் அதே ஆண்டில் வேகம் கூட்டிய புதுப்பதிப்பை வெளியிட நேர்ந்தது. இடைச்செருகலைக் கண்டு மூல ஆசிரியரே தம் நூலைத் திருத்தியது போன்ற விந்தை இது!

1993இல் அந்நிறுவனம் 'சி.பி.எஸ்.-2' என்ற அடுத்த அமைப்பைக் கொணர்ந்தது. பலகை பிளாஸ்டிக் உறைக்குள் அடைக்கப்பட்டது. உறையின் நிறம் நாட்டைக் காட்டியது. ஜப்பானுக்குப் பச்சை, அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் நீலம், ஆசியாவின் பிற நாடுகளுக்குச் சாம்பல். என் மைத்துனர் விட்டுச்சென்றவற்றுள் சாம்பல் உறைகளே மிகுதி. திருட்டைத் தடுக்க நிரல் மறைமொழியில் எழுதப்பட்டது. அதனை அவிழ்க்கும் திறவுகோல் ஒரு சிறு மின்கலத்தின் தயவில் நினைவில் நிற்கும். மின்கலம் தீர்ந்தால் திறவுகோல் மறையும், பலகை ஊமையாகும். 2007இல் அந்த மறைமொழியின் முறையை ஆண்ட்ரியாஸ் நைவே என்பாரும் சல்மோரியாவும் கண்டறிந்தனர். 2016இல் எட்வர்டோ குரூஸ், ஆர்டெமியோ உர்பினா, இயன் கோர்ட் ஆகிய மூவர் திறவுகோலைப் பலகைக்குள் மீண்டும் எழுதும் வழியை வெளியிட்டனர். அதன்பின் ஊமையான பலகைகள் பல பேசத் தொடங்கின. செல்லரித்த ஏட்டைப் படியெடுத்துக் காத்தவர்களின் தொண்டுக்கு இது எவ்வகையிலும் குறைந்ததன்று.

இனி, கேலாங் மாடியறைக்கு வருவோம். முப்பத்தேழு பலகைகளையும் செய்தித்தாளில் சுற்றிக் காலணிப் பெட்டிகளில் வைத்திருந்தார் மைத்துனர். அவற்றுடன் நீலநிற அட்டையிட்ட பயிற்சிப் புத்தகம் ஒன்றும் கிடைத்தது. ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு பலகையின் எண். அதன்கீழே தமிழில் சிறு குறிப்புகள். 'ஒ.' என்றும் 'மா.' என்றும் 'பா.' என்றும் சுருக்கெழுத்துகள் வந்தன. மருமகன் பலகையைப் பார்த்துச் சொல்ல, நான் குறிப்போடு ஒப்பிட்டேன். 'ஒ.' என்பது ஒலிப்பகுதி. 'பா.' என்பது பார்த்தது, குறையில்லை. 'மா.' என்பது மாற்றியது. ஒன்பதாம் பலகையில்தான் அது தெளிவாயிற்று. குறிப்பில் 'மா.' என்றிருந்த மூன்று இடங்களிலும் சில்லின் நாட்குறி மற்றவற்றினும் பிற்பட்டிருந்தது. ஈயப்பற்றும் கைவேலையாக இருந்தது. சுவடியின் ஓரத்தில் ஏடெழுதியவர் விட்டுச்சென்ற குறியைப் புரிந்துகொண்ட நாளில் பதிப்பாசிரியர் அடையும் மகிழ்ச்சி எத்தகையது என்பதை அன்று உணர்ந்தேன்.

முப்பத்தேழில் பதினொன்று திருட்டுப் படிகள். ஆறு, எந்தச் சில்லும் மாறாத மூலப்பலகைகள். எஞ்சிய இருபதும் மூலப்பலகைகளே. ஆனால் மைத்துனர் கைபட்டவை. இவ்வகைப்பாட்டை எழுதிப் படங்களோடு வெளிநாட்டுச் சேகரிப்பாளர் ஒருவருக்கு மருமகன் அனுப்பினான். அவர் ஒரு பலகையை மட்டும் குறிப்பாகக் கேட்டார். 1991ஆம் ஆண்டைச் சேர்ந்தது. சீட்டில் மிக முந்திய திருத்தத்தின் நாள் அச்சாகியிருந்தது. மாற்றம் காணாததாயின் எண்ணூறு வெள்ளி தருவதாக எழுதினார்.

நீலப் புத்தகத்தில் அப்பலகைக்கு நேரே 'மா.' இருந்தது. மருமகன் நிரல் சில்லைப் படித்தான். கைரேகை எண், சீட்டிலுள்ள திருத்தத்துக்கு உரியதன்று; அதே தனிச்சில்லுக்கு இசைந்த பிற்பட்ட திருத்தத்துக்கு உரியது. சில்லின் நாட்குறியோ 1997. நடந்தது இன்னதென்று ஊகிக்க முடிந்தது. ஆண்டுகள் பல ஓடிய பழஞ்சில்லு ஓய்ந்துபோக, மைத்துனர் புதிய சில்லில் கைவசமிருந்த நிரலை எழுதியிருக்கிறார். பழைய சீட்டை வீணாக்க மனமின்றி அதன்மேல் ஒட்டியிருக்கிறார். அவர் நோக்கம் ஏமாற்றுவதன்று. பெட்டி ஓட வேண்டும், அவ்வளவே. ஏமாற்ற எண்ணியவர் புத்தகத்தில் 'மா.' என்று எழுதியிருப்பாரா?

மருமகன் நெடுநேரம் பேசாதிருந்தான். பின்னர் சொன்னான்: "மாமா, சீட்டைப் பார்த்துத்தான் அவர் வாங்குறார். சில்லைக் கழற்றிப் படிக்கப்போறதில்ல. அம்மாவுக்கு வேற வீடு பார்க்க முன்பணம் கட்டணும். நாம பொய் சொல்ல வேணாம். ஒண்ணும் சொல்லாம இருந்தா போதும்."

அவன் கெட்ட பிள்ளையல்லன். தாயின் நெருக்கடியைக் கண்டவன். எண்ணூறு வெள்ளி அந்த மாதத்தில் அவர்களுக்குப் பெரிய தொகை. நானும் உடனே விடை சொல்லவில்லை. அறநூல்களை வகுப்பில் சொல்வது ஒன்று. வாடகைச் சீட்டு மேசைமேல் கிடக்கும்போது சொல்வது வேறொன்று. அவனிடம் ஒன்று மட்டும் கேட்டேன்: "இந்த ஆறு வாரமும் நாம என்ன தேடினோம்?"

அவன் தலைகுனிந்து புத்தகத்தைப் புரட்டினான். அடுத்த அறையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த தங்கை தேநீர்க் கோப்பைகளோடு வந்தாள். "அவர் எழுதி வச்சிருக்கார் இல்லே? அதையும் படம் பிடிச்சு அனுப்பு. வேணும்னா வாங்கட்டும், வேணாம்னா போகட்டும். அவர் மறைக்காததை நாம ஏன் மறைக்கணும்?" என்றாள். அத்துடன் வழக்கு முடிந்தது. நான் ஆசிரியனாக ஏதும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மருமகன் புத்தகத்தின் பக்கத்தையும், சில்லின் நாட்குறியையும், படித்த கைரேகை எண்ணையும் அனுப்பினான். தமிழ்க் குறிப்பின் பொருளை ஆங்கிலத்தில் எழுதினான். நான்கு நாள் கழித்து விடை வந்தது. எண்ணூறு தர இயலாது. நானூற்றைம்பது தருகிறேன் என்றார் சேகரிப்பாளர். கூடவே அந்த நீலப் புத்தகத்தை விலைக்குக் கேட்டார். பலகை போயிற்று. புத்தகத்தைத் தங்கை தரவில்லை. பக்கங்களின் படங்களை மட்டும் அனுப்பச் சொன்னாள். மற்றப் பலகைகளில் இருபத்திரண்டு வெவ்வேறு கைகளுக்குச் சென்றன. ஒவ்வொன்றோடும் அதன் வரலாறு ஒரு தாளில் எழுதிச் சென்றது: எண், நாட்குறி, தனிச்சில்லு, நிரலின் திருத்தம், மாற்றியவை. திருட்டுப் படிகளைத் திருட்டுப் படிகள் என்றே எழுதினோம்; அவற்றையும் விரும்பி வாங்குவோர் இருந்தனர். முன்பணத்துக்கு வேண்டியது சேர்ந்தது. எண்ணூறு வெள்ளி ஆசையில் எதிர்பார்த்த அளவுக்கன்று, ஆனால் போதிய அளவுக்கு.

இதை மாணவர்க்குச் சொல்லலாமா என்று பலநாள் எண்ணினேன். பின்னர் ஆறாம் ஆண்டு மாணவர்க்குச் சிறு பயிற்சியாக அமைத்தேன். மருமகன் கொடுத்த உதவாத பலகை ஒன்றை வகுப்பில் வைத்து, நாட்குறிகளைப் படித்து, பலகை எந்த ஆண்டுக்கு முற்பட்டதாக இருக்க முடியாது என்று எழுதச் சொன்னேன். எழுத்தை உற்று நோக்காத மாணவன்கூட உருப்பெருக்கிக் கண்ணாடியோடு குனிந்து நின்றான். ஒரு சிறுமி கேட்டாள்: "ஐயா, இந்த ஒண்ணு மட்டும் புதுசா இருக்கே, யாரோ மாத்தியிருக்காங்களா?" அந்தக் கேள்வியை எழுப்பத்தான் நாம் யாப்பும் அணியும் உரைவேறுபாடும் கற்பிக்கிறோம் என்று எனக்குத் தோன்றியது. அடுத்த வாரம் ஒரே திருக்குறளின் இரண்டு உரைகளைக் கொடுத்தேன். எங்கே வேறுபடுகின்றன என்று அவர்களே தேடத் தொடங்கினர்.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். நம் பள்ளி அலமாரிகளிலும் நம் மாணவர்களின் பாட்டனார் வீடுகளிலும் பழம்பொருள்கள் பல உறங்குகின்றன. அவை சுவடியாக இருத்தல் வேண்டும் என்பதில்லை. வானொலிப் பெட்டியாகவும், தையற்பொறியாகவும், மின்பலகையாகவும் இருக்கலாம். எறிவதற்கு முன் அவற்றின் எண்ணைப் படியுங்கள். மாற்றியது எது என்று கேளுங்கள். மாற்றியவர் கைக்குறிப்பு உள்ளதா என்று தேடுங்கள். என் மைத்துனர் தமிழில் மூன்று சுருக்கெழுத்துகளால் ஒரு நகரத்தின் விளையாட்டு வரலாற்றில் ஒரு சிறு பகுதியைப் பதிந்துவைத்தார். அதைப் படிக்கத் தெரிந்த ஒருவர் குடும்பத்தில் இருந்தது தற்செயல். அடுத்த வீட்டிலும் அத்தகைய ஒருவர் இருக்கும்படி செய்வது நம் பணி.